கேள்வி பதில்: 2018இல் ஜனாதிபதிக்கு அந்த அதிகாரம் இருந்ததா?

*(பதிலளிப்பவர் ஓய்வுபெற்ற சட்டத்தரணி)*

வவுனியா மாணவி: சேர், வலுவேறாக்கத்துக்கு, அதாவது சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை மூன்றின் அதிகாரங்களும் பிரிந்திருப்பதற்கு, இலங்கையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லுங்கள். உயர்தரப் பரீட்சைக்கு வேண்டும்.

மகளே, 2018ஐ எழுதுங்கள். ஒக்டோபர் 26 இரவு அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவை அமர்த்தினார். மறுநாளே பாராளுமன்றத்தை ஒத்திவைத்தார். மகிந்தவுக்குப் பெரும்பான்மை தேறவில்லை. நவம்பர் 9 இரவு சபையையே கலைத்து வர்த்தமானி வந்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சம்பந்தன் உள்ளிட்டோர் உயர் நீதிமன்றம் போனார்கள். டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள்: கலைத்தது அரசியலமைப்புக்கு முரண். 16ஆம் திகதி ரணில் மீண்டும் பிரதமர். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வர்த்தமானியில் அச்சானதால் மட்டும் ஒன்று சட்டமாகிவிடாது.

மட்டக்களப்பு வாசகர்: அரசியலமைப்பின் 33(2)(இ) பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு நேராகவே கொடுக்கிறதே?

இதற்காகத்தான் காத்திருந்தேன். அந்த வரியை மட்டும் பிய்த்தெடுத்து வாசித்தால் கொடுக்கிறது. ஆனால் அதே அரசியலமைப்பின் 70(1) அப்போது என்ன சொன்னது? முதல் அமர்விலிருந்து நாலரை ஆண்டு முடியும்வரை கலைக்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 225இல் 150 பேர், தீர்மானம் போட்டுக் கேட்டால் மட்டுமே முடியும். 33 தனி அதிகாரம் என்றால், 70இல் இந்தத் தடையை எழுதியது எதற்காக? வீட்டின் முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்துவைத்தார்கள் என்றா சொல்கிறீர்கள்? நீதிமன்றமும் இரண்டையும் சேர்த்தே வாசித்தது.

அதே வாசகர்: மக்களிடம் வாக்குக் கேட்பது எப்படி ஜனநாயக விரோதம், ஐயா?

தேர்தல் நல்லதுதான், தம்பி. தனக்கு வசதியான நாளில் ஒருவர் தனியே அதை அறிவிப்பதுதான் வில்லங்கம். நடுவரே ஆட்டத்தை நிறுத்தி, புள்ளியை அழித்து, புதிதாகத் தொடங்கச் சொன்னால் விளையாடுவீர்களா? இன்னொன்று: அந்த நாலரை ஆண்டுத் தடையை எழுதிய 19ஆவது திருத்தத்தை 2015இல் முன்னின்று கொண்டுவந்தவரே சிறிசேன. தான் போட்ட வேலியைத் தானே தாண்டினார்.

கனடாவிலிருந்து ஒருவர்: மிளகாய்த்தூள் வீசியது உண்மையா?

உண்மை. நவம்பர் 16, சபைக்குள்ளே. கலைப்பை உயர் நீதிமன்றம் இடைக்காலமாகத் தடுத்ததால் சபை கூடியிருந்தது. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸார் சூழ வந்து, மகிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணைக்குக் குரல் வாக்கெடுப்பு நடத்தினார்.

யாழ்ப்பாணம்: மகிந்தவின் பதவியைத் தடுத்தது எந்த நீதிமன்றம்?

மேன்முறையீட்டு நீதிமன்றம், டிசம்பர் 3, இடைக்கால உத்தரவு. 122 உறுப்பினர்களின் மனு. கலைப்பு வழக்கு வேறு, இது வேறு, குழப்பாதீர்கள்.

திருகோணமலை: 33இல் அதிகாரம் இருக்கிறது அல்லவா?

மேலே வாசியுங்கள்.

சென்னையிலிருந்து: எங்கள் ஆளுநர் மசோதா விவகாரம் பற்றி?

அது இந்திய அரசியலமைப்பு. அங்குள்ள வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கொழும்பு: ஐயா, 33…

மூன்றாவது தடவை! வர்த்தமானியை வைத்துவிட்டு நாட்காட்டியை எடுங்கள். அந்தப் பாராளுமன்றம் முதலில் கூடியது 2015 செப்டம்பர் 1. நாலரை ஆண்டு நிறைந்தது 2020 மார்ச் 1. அடுத்து ஜனாதிபதியாக வந்த கோட்டாபய அதைக் கலைத்தது மார்ச் 2 நள்ளிரவில். 33 மட்டுமே போதுமென்றால், அந்த மனிதர் ஏன் அந்த நாள்வரை பொறுத்திருந்தார்?