ஏழு கல் தோடு: விவிஎஸ் தேவையா?

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு ஏழு கல் வைரத்தோடு வாங்க பிரிக்பீல்ட்ஸில் இரண்டு கடை ஏறி இறங்கினோம். வைர எடை இரண்டிலும் ஒன்றுதான். ஒன்று மட்டும் இரண்டாயிரம் ரிங்கிட் கூடுதல், விவிஎஸ் கல்லாம். கொடுக்கலாமா?
– ஒரு தாய், கோலாலம்பூர்

பதில்: அதற்காக மட்டும் என்றால் வேண்டாம் அம்மா. விவிஎஸ் என்பது வைரத்தின் தெளிவுத் தரத்தில் உயர்ந்த படிகளில் ஒன்று; அந்தக் கல்லில் இருக்கும் குறையைப் பத்து மடங்கு லென்ஸில்கூடப் பழகிய கண்தான் சிரமப்பட்டுக் கண்டுபிடிக்கும். அடுத்த படியான விஎஸ் கல்லிலும் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அதுவும் தோட்டில் வைக்கும் சின்னக் கல்லில். காகபாதம் (காக்கைக் கால் போன்ற கீறல்), களங்கம் (கறை), விந்து (புள்ளி), ஏகை (கோடு) என்று நம் பெரியவர்கள் நான்கு குற்றம் பார்த்தார்கள்; கரும்புள்ளிப் பயம் அங்கிருந்து வந்ததுதான். மனசு கேட்காவிட்டால் கடைக்காரரிடமே லென்ஸ் கேட்டு வாங்கி ஏழு கல்லையும் பார்த்துவிடுங்கள்.

பணத்தைப் பட்டை தீட்டிய நேர்த்திக்குக் கொடுங்கள். நீரோட்டம் என்கிறோமே, அது உள்ளே போன ஒளி அடிப்பட்டைகளில் பட்டு மேலே திரும்புவதுதான். ஆழம் குறைந்த கல்லில் ஒளி கீழே கசிந்துவிடும். உள்ளே மீன்கண் போல ஒரு சாம்பல் வளையம் தெரியும். ஆழம் கூடினால் நடு இருண்டுவிடும். எடையும் அடியிலேயே தங்கிவிடுவதால், அதே எடைக்கு முகம் சிறுத்துக் காணும். இரண்டு தோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடை விளக்கில் எந்தக் கல்லும் மின்னும். கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயில் படாத நிழலில் தோட்டை மெல்ல ஆட்டுங்கள். ஏழும் ஒன்றுபோலத் துடிக்க வேண்டும். ஒன்று மங்கினாலோ மஞ்சளடித்தாலோ பூவே கெட்டுவிடும். நிறத்தின் தரம் நிறமே இல்லாத டி-யில் தொடங்கி மஞ்சளடிக்கும் இசட் வரை போகும். மஞ்சள் தங்கத்தில் கட்ட ஜி, எச் போதும். பின்பக்கம் மூடிக் கட்டியதை நான் வாங்கச் சொல்லமாட்டேன், கல்லின் அடியைப் பார்க்கவே முடியாது.

ப்ளூ ஜாகர் என்று விலை ஏற்றினால் அசராதீர்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயர் அது. இன்று பெரும்பாலும் புற ஊதா ஒளியில் நீலமாய் ஒளிரும் கல்லைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வெளிச்சந்தையில் நல்ல நிறக் கல் அப்படி ஒளிர்ந்தால் விலை குறைவதே வழக்கம்.

இன்னொன்று, ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான்; கடையில் தொட்டுப் பார்க்கும் சாதாரண டெஸ்டர் பேனா இரண்டையும் பிரித்துச் சொல்லாது. ஆனால் விலை மிகக் குறைவு. அதனால் ரசீதில் 'இயற்கை வைரம்' என்று எழுதி வாங்குங்கள். தங்க எடை தனியாக, வைர எடை சென்ட்டில் தனியாக (100 சென்ட் ஒரு காரட்), நிறம், தெளிவு, திரும்பக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.