பணம் யார் கையிலிருந்து வருகிறது?

கேள்வி: டேட்டாபேஸ் நிர்வாகத்தில் நல்ல அனுபவம் இருக்கிறது. நிரந்தர வேலை அலுத்துவிட்டது. வெளிநாடுகளில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்தப் பணிகள் செய்ய ஆசை. எந்த நாட்டில் நாள் ஊதியம் அதிகம்? எங்கே தேடுவது?

பதில்: ஊதியத்தைக் கடைசியில் கேளுங்கள். அந்த நாட்டில் ஒப்பந்தக்காரராக வேலை செய்ய உங்களை விடுவார்களா என்று முதலில் பாருங்கள். பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசா, ஸ்பான்சர் செய்யும் முதலாளியோடு உங்களைக் கட்டிப்போட்டுவிடும். அமெரிக்காவின் எச்-1பி விசாவும் அப்படியே. இஷ்டத்துக்கு இடம் மாற முடியாது. ஜெர்மனியில் சுயதொழில் செய்வோருக்கென்றே குடியிருப்பு அனுமதி உண்டு. ஆனால் ஒரே வாடிக்கையாளரின் அலுவலகத்தில், அவர் சொன்ன நேரத்துக்கு வந்துபோனால் ‘போலிச் சுயதொழில்’, அதாவது நீங்கள் உண்மையில் ஊழியர்தான் என்ற சந்தேகம் எழும். நெதர்லாந்து வரித்துறையும் 2025 ஜனவரியிலிருந்து இந்த விஷயத்தில் மீண்டும் கண்டிப்புக் காட்டுகிறது. ‘ஷெங்கன் பிசினஸ் விசா எடுத்து 90 நாளில் வேலையை முடித்துவிட்டு வாருங்கள்’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கூட்டத்தில் கலந்துகொள்ளத்தான் அந்த விசா.

அனுமதி கிடைக்கும் என்று தெரிந்தபின் தேடலாம். லிங்க்ட்இன் எல்லோருக்கும் தெரியும். பிரிட்டனுக்கு ஜாப்சர்வ், ஜெர்மனிக்கு ஃப்ரீலான்சர்மாப் ஆகிய தளங்களையும் பாருங்கள். ஒரே வேலை மூன்று ஏஜென்சிகளின் பெயரில் வந்திருக்கும். மூன்று வேலை என்று மயங்கி எல்லோருக்கும் சுயவிவரத்தை அனுப்பிவிடாதீர்கள். இரண்டு ஏஜென்சிகள் உங்களை ஒரே நிறுவனத்துக்கு அனுப்பினால், கமிஷன் தகராறு எதற்கு என்று அந்த நிறுவனம் உங்களையே ஒதுக்கிவிடக்கூடும். அதனால் வாடிக்கையாளர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ‘என் சார்பில் அனுப்பலாம்’ என்று மின்னஞ்சலில் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. முதல் தொலைபேசிப் பேச்சிலேயே ஏஜென்ட்கள் பழைய மேலாளர்களின் பெயரும் எண்ணும் கேட்பார்கள், பரிந்துரைக்காக என்று. என்னிடம் ஒருவர் அப்படித் தேனொழுகப் பேசி வாங்கினார். அடுத்த வாரமே என் பழைய மேலாளரைக் கூப்பிட்டு, ‘ஆள் தேவையா?’ என்று வியாபாரம் பேசியிருக்கிறார். எனக்கென்று சொன்ன வேலை என்னவாயிற்று என்று இன்றுவரை தகவல் இல்லை. நேர்காணல் முடிந்தபின் தருகிறேன் என்று நீங்கள் சொல்லலாம்; உண்மையிலேயே வேலை வைத்திருப்பவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது ஊதியத்துக்கு வருவோம். பிரிட்டனில் நாளைக்கு 500 பவுண்ட் என்று பேசுகிறார்கள், வாரம் 2,500. சொந்தக் கம்பெனி வழியாக வந்தாலும் நடைமுறையில் ஊழியரைப் போல வேலை செய்பவருக்கு ஊழியருக்கான வரியே என்கிறது அங்குள்ள ஐஆர்35 விதி; அது 2000-இல் வந்தது. 2021 ஏப்ரல் முதல், ஒப்பந்தக்காரர் அந்த விதிக்குள் வருகிறாரா என்று முடிவு செய்யும் பொறுப்பு தனியார் துறையிலும் நடுத்தர, பெரிய வாடிக்கையாளர் நிறுவனங்களுக்குப் போய்விட்டது. வம்பு வேண்டாம் என்று பல நிறுவனங்கள் ‘விதிக்கு உள்ளே’ என்று எழுதி, அம்ப்ரெல்லா கம்பெனி வழியாக வரச் சொல்கின்றன. அந்தக் கம்பெனிதான் உங்களுக்குச் சட்டப்படி முதலாளி. முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீடு 15 சதவீதம், தொழிற்பயிற்சி வரி அரை சதவீதம், கம்பெனியின் கட்டணம் (வாரம் 25 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம்) எல்லாமே உங்கள் 2,500-லிருந்துதான் போகும். அந்தச் சதவீதங்கள் 2,500-க்கு அல்ல, மிஞ்சும் சம்பளத்துக்குத்தான் கணக்கு; காப்பீட்டில் ஒரு சிறு தொகைக்கு விலக்கும் உண்டு. அப்படிப் பார்த்தால் மிச்சம் ஏறக்குறைய 2,155. உங்கள் சொந்த வருமான வரியும் உங்கள் பங்குக் காப்பீடும் அதன் பிறகுதான், அந்த 2,155-லிருந்து போகும். விடுமுறைச் சம்பளமும் தனியாக வராது, அதற்குள்ளேயே அடக்கம். ஆகவே ஏஜென்ட் தொகை சொன்னவுடன் தலையாட்டாமல், என்னோடு ஒப்பந்தம் போடுவது யார், பணம் போடுவது யார், எத்தனை நாளில், வாடிக்கையாளர் தராவிட்டாலும் எனக்கு வருமா என்று கேளுங்கள். சங்கிலியில் எத்தனை கண்ணி என்பது அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: ஒப்பந்தம் தயார், ‘செயலாக்கக் கட்டணம்’ மட்டும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார் ஏஜென்ட். கட்டலாமா?

பதில்: வேண்டாம். ஏஜென்சிக்குப் பணம் தர வேண்டியது ஆள் கேட்ட நிறுவனம். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டின் 181-ஆவது உடன்படிக்கை. சில விதிவிலக்குகளுக்கு அது இடம் தருகிறது, சில நாடுகள் உச்சவரம்போடு அனுமதிக்கவும் செய்கின்றன. ஆனாலும் தனிநபர் கணக்குக்கு அனுப்பு, இன்றே அனுப்பு என்று அவசரப்படுத்துபவர் எந்த விதிவிலக்கிலும் சேர மாட்டார்.

கேள்வி: 183 நாளுக்குள் திரும்பிவிட்டால் அங்கே வரி இல்லையாமே?

பதில்: பாதிதான் சரி. ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி விழாமலிருக்க நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட இரட்டை வரி ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றில் அந்தச் சலுகை சம்பளக்காரர்களுக்கு உரியது. நாள் கணக்கு மட்டும் போதாது. சம்பளம் தரும் முதலாளி அந்த நாட்டவராக இருக்கக் கூடாது, அங்கே முதலாளிக்கு உள்ள கிளை அந்தச் செலவை ஏற்கவும் கூடாது. மேலே சொன்ன அம்ப்ரெல்லா கம்பெனி உள்ளூர் முதலாளி என்பதால், முதல் நாள் சம்பளத்துக்கே அங்கே வரி உண்டு. சுயதொழில் செய்பவருக்கு வேறு பிரிவு. ஆறு மாத ஒப்பந்தத்தை ‘இன்னும் மூன்றே வாரம்’ என்று நீட்டும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: 184-ஆவது நாள் வந்துவிட்டால், முதல் நாளிலிருந்து அங்கே சம்பாதித்தது முழுவதற்கும் அந்த நாடு வரி கேட்கலாம். நீட்டிப்புக்குச் சம்மதிக்கும் முன் பயணத் தேதிகளை எடுத்து வைத்து நாளை எண்ணுங்கள். வந்து இறங்கிய நாளும் புறப்பட்ட நாளும் கணக்கில் சேரும்.