அறிவியல் புனைவே பிடிக்காத உங்களை உட்கார வைத்த தொடர் எது?

தி எக்ஸ்பான்ஸ். இன்றைக்கும் ராக்கெட் படம் போட்டிருந்தால் அடுத்ததற்குத் தாவிவிடுகிற ஆள்தான் நான். பளபள உடை, கலர் கலராய் ஒளிக்கதிர், கடைசியில் பூமியைக் காப்பாற்ற ஒரு ஆள், எல்லாமே காதில் பூ சுற்றுகிற வேலை என்பது என் கட்சி. இந்த ஒன்றில் மட்டும் வழுக்கி விழுந்தேன்.

ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. 2024-இல் மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வந்தது, போனது, அணை திறக்கவில்லை. எங்கள் பக்கம் நிலத்தடித் தண்ணீர் உப்பு, போர் போட்டுக் குறுவை செய்யவும் வழியில்லை. வயல் சும்மா கிடந்தது, நாங்களும் சும்மா கிடந்தோம். விடுமுறைக்கு வந்திருந்த மகள் ஒரு ராத்திரி டிவியில் இதைப் போட்டாள். எழுந்து போக சோம்பல், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே செரஸ் என்று ஒரு குறுங்கோள் நிஜமாகவே இருக்கிறது. குறுக்களவு 900 கிலோமீட்டருக்குச் சற்று மேல், உள்ளே பனியும் உண்டு. கதை நடக்கும் காலத்தில் அந்தப் பனியைப் பூமியும் செவ்வாயும் வழித்துக் கொண்டுபோய்விட்டன. அங்கே குடியிருக்கும் கூலி சனத்துக்குத் தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். சனிக்கோளின் வளையத்திலிருந்து கப்பல் பனிக்கட்டி ஏற்றி வர வேண்டும். முதல் பாகத்திலேயே அந்தக் கப்பலைத் தகர்த்துவிடுகிறார்கள்.

பார்க்காத மாதிரி உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அப்பா கேட்டார்:

"ஏம்மா, இவங்க கடைமடையா?"

"ஆமா தாத்தா."

"அப்ப மேமடைக்காரன் யாரு?"

"பூமி தாத்தா. நாமதான்."

அப்பா கிள்ளிய வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் சுவரில் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினேன்.

சின்ன வயதில் முறைத் தண்ணீர் வரும் ராத்திரிகளில் அப்பாவோடு மடைக்குப் போயிருக்கிறேன். மண்வெட்டியைத் தலைமாட்டில் வைத்து வரப்பிலேயே படுத்துக்கொள்வோம். கண் அசந்தால் மேலே எவனாவது அடைத்துவிடுவான். வாய்க்காலில் சத்தம் குறைந்தாலே அப்பாவுக்கு முழிப்பு வந்துவிடும். அடுத்தடுத்த பாகங்களில் செரஸில் பங்கீடு இறுகி, ஆட்கள் தண்ணீரைத் திருடத் தொடங்கியபோது அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "பாவம், என்ன பண்ணுவான்" என்றார். தன் மடையில் கை வைத்தவனை அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதே இல்லை!

அப்புறம் தினம் ஒரு பாகம். விண்வெளி உடைக்குள் முகம் சரியாகத் தெரியாது என்பதால் அந்த சனம் கையை அகல ஆட்டியே பேசிப் பழகியிருக்கும். தண்ணீர் வந்துவிட்டது என்று கடைசி வயலிலிருந்து துண்டைச் சுழற்றுவோமே, அதேதான். கப்பல்கள் பாதி வழியில் திரும்பிக்கொண்டு, பின்பக்கத்தை முன்னே வைத்து எஞ்சினை எரித்துத்தான் வேகத்தைக் குறைக்கும். காற்று இல்லாத இடத்தில் பிரேக் எங்கே பிடிப்பது? சுழலும் செரஸில் கோப்பைக்கு ஊற்றும் சாராயம் கோணலாக வளைந்து விழும். அதை யாரும் நமக்கு விளக்குவதில்லை, ஊற்றிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

குறை இல்லாமல் இல்லை. நீலமாய் மினுங்கும் அந்த அன்னியச் சமாசாரம் வரும்போதெல்லாம் நான் டீ போடப் போய்விடுவேன். அதுதான் கதையின் அச்சு என்று மகள் சண்டைக்கு வருவாள். இருக்கட்டும்.

2015-இல் தொடங்கி, 3 சீசனோடு நிறுத்தப்பட்டு, அமேசான் எடுத்துக்கொண்டதால் பிழைத்து, 2022-இல் முடிந்த தொடர் இது. மொத்தம் 6 சீசன், 62 பாகம். ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற ஒரே புனைபெயரில் இரண்டு பேர் சேர்ந்து எழுதிய நாவல்கள்தான் மூலம்.

ஜூலை 28-ஆம் தேதி மேட்டூர் திறந்தபோது 4-ஆவது சீசனில் இருந்தோம். மறுநாளே அப்பா மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட உட்கார்ந்துவிட்டார். மகளும் கல்லூரிக்குக் கிளம்பினாள். மீதி சீசன்கள் இன்னும் பாக்கி. போனில் பேசும்போதெல்லாம் அவர் அவளிடம் கேட்பது ஒன்றுதான்: "அந்தக் கடைமடைக்குத் தண்ணி வந்துச்சாம்மா?" அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள்.