பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போடும்போது திரை கருப்பாகிவிடுகிறது. போட்ட பிறகு 1024×768-க்கு மேல் வரவில்லை. என்ன செய்வது?

கேட்டவர் தந்த விவரம்: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ், பழைய ஐ3 கணினி, என்விடியா ஜிடி 710 கார்டு, 18.5 இன்ச் மானிட்டர், நடுவில் ஒரு எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வர்ட்டர்.

இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்துத்தான் பலரும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கருந்திரைக்குக் காரணம் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். 1024×768-க்குக் காரணம் பெரும்பாலும் கேபிள். இல்லையென்றால் கருந்திரைக்குச் செய்த வைத்தியத்தை எடுக்காமல் விட்டது.

முதலில் கருந்திரை. பூட் ஆகும்போது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), நூவோ என்ற திறந்தமூல டிரைவரை ஏற்றி, பயாஸிடமிருந்து (கணினியை முதலில் எழுப்பும் மதர்போர்டு மென்பொருள்) திரையைத் தன் கைக்கு எடுக்கிறது. சில என்விடியா கார்டுகள் அந்தக் கைமாற்றத்தில்தான் படுத்துவிடுகின்றன. பெண்டிரைவின் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் முதல் வரியில் நின்று 'ஈ' எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'குயட் ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களை அழித்துவிட்டு, அந்த இடத்தில் நோமோட்செட் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் அடித்து எஃப்10 அழுத்துங்கள். எழுத்து எழுத்தாகச் சொன்னால்: nomodeset.

போட்டு முடித்து ரீஸ்டார்ட் ஆனதும் திரும்பக் கருப்பாகலாம். பதற வேண்டாம். பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட், யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) என்றால் எஸ்கேப் அழுத்தி கிரப் (லினக்ஸை ஏற்றும் புரோகிராம்) மெனுவை வரவைத்து, அதே சொல்லை இன்னொரு முறை சேருங்கள். உள்ளே போனதும் டிரைவர் மேனேஜரைத் திறந்து 470 வரிசை டிரைவரைப் போடுங்கள். ஜிடி 710-க்கு அதுதான் கடைசி வரிசை. ஜிடி 730 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதே பெயரில் இரண்டு தலைமுறைச் சிப்புகள் விற்கப்பட்டன. கெப்ளர் சிப் என்றால் 470, ஃபெர்மி சிப் என்றால் 390-ஓடு முடிந்தது.

டிரைவர் ஏறியபின் நோமோட்செட்டை நிரந்தரமாக வைக்காதீர்கள். அது இருக்கும்வரை கெர்னல் கார்டைத் தொடாது. பயாஸ் கொடுத்த ஒரே அளவில் திரை நிற்கும், வீடியோ திக்கும். டெர்மினலில் ப்ராக் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஎம்டிலைன் ஃபைலை கேட் கமாண்டால் படித்துப் பாருங்கள் (cat /proc/cmdline). அந்தச் சொல் அதில் இருந்தால், கிரப் அமைப்பு ஃபைலில் இருந்து அதை எடுத்துவிட்டு, சூடோ போட்டு அப்டேட்-கிரப் ஓட்டுங்கள் (sudo update-grub).

என்னைக் கேட்டால், பில் போடவும் மெயில் பார்க்கவும் உள்ள மெஷினுக்கு அந்தக் கார்டே வேண்டாமுங்க. ஐ3-க்குள்ளேயே இன்டெல் கிராஃபிக்ஸ் இருக்கிறது, அதற்கான டிரைவர் கெர்னலோடு வருகிறது. கார்டைக் கழற்றி, கேபிளை மதர்போர்டு போர்ட்டில் மாட்டுங்கள். மேலே சொன்னதில் பாதி வேலை குறையும். கழற்றும்போது ஸ்லாட்டில் அடைந்திருக்கும் பஞ்சையும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். உங்கள் ஊர் கேபினெட்டுகளில் அதற்குப் பஞ்சமே இல்லை.

அடுத்து 1024×768. மானிட்டர் தன் அளவுகளை ஈடிஐடி என்ற 128 பைட் தகவலாகக் கணினிக்குச் சொல்லும். விஜிஏ கேபிளில் அது 12, 15-ஆம் பின்கள் வழியாகப் போகிறது. மலிவான கேபிளில் அந்தப் பின்களே இருக்காது, அல்லது வளைந்திருக்கும். மலிவான கன்வர்ட்டர்கள் அந்தத் தகவலைச் சரியாகக் கடத்துவதில்லை. மானிட்டர் யாரென்று தெரியாதபோது கெர்னல் பாதுகாப்பாக 1024×768-லேயே நின்றுவிடும். ஆகவே கன்வர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு விஜிஏ-க்கு விஜிஏ நேராக மாட்டிப் பாருங்கள். கார்டிலோ போர்டிலோ விஜிஏ இருக்கும்போது கன்வர்ட்டர் எதற்கு?

கேபிள் மாற்ற வழியில்லை என்றால் கையால் அளவைச் சொல்லலாம். எக்ஸ்ரேண்டர் (xrandr) கமாண்டை வெறுமனே ஓட்டினால் போர்ட்டின் பெயர் தெரியும். பிறகு சிவிடி (cvt) 1366 768 60 என்று, அதாவது அகலம், உயரம், ரெஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது) என்ற வரிசையில் ஓட்டினால், அந்த அளவை விவரிக்கும் மோட்லைன் என்ற ஒரு வரி கிடைக்கும்: 85.25 1368 1440 1576 1784 768 771 781 798, மைனஸ் எச்சிங்க், பிளஸ் விசிங்க். 1366 கேட்டால் 1368 வருகிறதே என்று குழம்ப வேண்டாம், சிவிடி அகலத்தை எட்டின் மடங்காக்கும். அந்த வரியை எக்ஸ்ரேண்டரில் நியூமோட், ஆட்மோட், அவுட்புட் என்ற வரிசையில் கொடுங்கள். ரீஸ்டார்ட்டில் போய்விடும், எனவே மூன்றையும் ஒரு ஸ்கிரிப்டாக்கி ஸ்டார்ட்டப் அப்ளிகேஷன்ஸில் சேருங்கள். இன்டெல்லிலும் நூவோவிலும் இது ஓடும். என்விடியா சொந்த டிரைவர் அடிக்கடி மறுக்கும். திரையைக் காட்டும் புதிய முறையான வேலாண்ட் செஷனில் எக்ஸ்ரேண்டர் வேலைக்கு ஆகாது. மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப் வழக்கமாகப் பழைய முறையான எக்ஸ்11-இல் திறப்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மானிட்டரில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று மிதந்தால், மானிட்டர் தாங்காத அளவோ ரெஃப்ரெஷ் ரேட்டோ போகிறது என்று பொருள். ரேட் 75 என்று இருந்தால் 60 ஆக்குங்கள்.