பின்சுவத்துல ஸ்டெப்னி தொங்குனா கேரவன் ஏன் வாலாட்டுது?

திருமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதிருக்காரு. சின்ன கேரவன், ஒத்த ஆக்ஸில், பாடி கட்டுற பட்டறையில சொல்லிச் செஞ்சது, டீசல் எஸ்யூவில மாட்டி இழுக்கிறாரு. "அண்ணே, ஸ்டெப்னியை கேரவனோட பின்சுவத்துல கிளாம்ப் அடிச்சு மாட்டிருக்கேன், பாக்க ஜீப் மாதிரி நல்லாருக்கு, ஆனா விருதுநகர் ரோட்டுல 70ஐத் தாண்டுனாலே வால் ஆடுது, ஆம்னி பஸ் நம்மளத் தாண்டிப் போனா இன்னும் ஜாஸ்தி. முன்னாடி ஏ ஃபிரேம்ல, அதான் கேரவன் மூக்குல இருக்குற முக்கோணச் சட்டத்துல, கேஸ் சிலிண்டர வச்சு பேலன்ஸ் பண்ணிரலாமா? ஆடி அமாவாசைக்கு அம்மாவக் கூட்டிக்கிட்டு ராமேஸ்வரம் போகணும்"னு கேட்டிருக்காரு. அளவும் அனுப்பிருக்காரு, அதுக்கே அவருக்கு நன்றி சொல்லணும், அளவு இல்லாம இதுக்குப் பதில் சொல்ல முடியாது. சாமான் ஏத்துன கேரவன் 1000 கிலோ, ஹிட்ச்ல (கார் பின்னாடி கேரவன மாட்டுற இடம்) இருந்து ஆக்ஸில் வரைக்கும் 3 மீட்டர், ஆக்ஸில்ல இருந்து பின்சுவர் 2 மீட்டர், ஸ்டெப்னியும் பிராக்கெட்டும் சேத்து 24 கிலோ, பின்பக்கப் படுக்கைக்கு அடியில 60 லிட்டர் தண்ணி டேங்க்.

தம்பி, மொதல்ல அந்த ஸ்டெப்னியப் பின்சுவத்துல இருந்து கழட்டுங்க. சிலிண்டர முன்னாடி வச்சுச் சரிக்கட்டுற வேலை வேணாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

நம்ம பக்கம் மாட்டு வண்டி ஓட்டுனவங்களுக்கு இது சொல்லாமலே தெரியும். வைக்கோல் ஏத்தும்போது பின்பாரமாப் போச்சுன்னா ஏர்க்கால் மேல தூக்கும், நுகத்தடி மாட்டுக் கழுத்த விட்டு எந்திரிச்சுப் பூட்டாங்கயிறு தொண்டைய இறுக்கும். முன்பாரமாப் போச்சுன்னா கழுத்து அமுங்கி மாடு நடக்கவே மாட்டேங்கும். அதனால வண்டிக்காரர் ஒரு கையால ஏர்க்காலத் தூக்கிப் பாத்துட்டு, கொஞ்சம்போல முன்பாரம் இருக்குற மாதிரி மூட்டையத் தள்ளி வைப்பாரு. உங்க கேரவனும் ரெண்டு சக்கர வண்டிதான், மாட்டுக்குப் பதிலா எஸ்யூவி, நுகத்தடிக்குப் பதிலா ஹிட்ச் பால். அந்தப் பால் மேல கீழ்நோக்கி இறங்குற பாரத்தத்தான் நோஸ் வெயிட்னு சொல்றாங்க, கேரவன் ஓட்டுறவங்க மொதல்ல தெரிஞ்சுக்க வேண்டிய நம்பர் இதுதான். இங்கிலாந்துல மொத்த எடையில 5ல இருந்து 7 சதவீதம் இருக்கணும்னு சொல்றாங்க, அமெரிக்காவுல 10ல இருந்து 15. உங்க 1000 கிலோ கேரவனுக்கு 50ல இருந்து 70 கிலோன்னு குறி வச்சுக்கோங்க. ஆனா உங்க கார் மேனுவல்ல ஒரு லிமிட் போட்டிருக்கும், ஹிட்ச் மேல ஒரு பிளேட்டுல ஒரு லிமிட் இருக்கும், அந்தப் பால் மேல உக்கார்ற கேரவனோட கப்ளிங் தலையில ஒரு லிமிட் இருக்கும், இந்த மூணுல எது கம்மியோ அதைத் தாண்டக் கூடாது.

இப்ப உங்க ஸ்டெப்னிக்கு வருவோம். 24 கிலோ ஆக்ஸிலுக்கு 2 மீட்டர் பின்னாடி தொங்குது, ஹிட்ச் 3 மீட்டர் முன்னாடி இருக்கு. 24ஐ 2ஆல பெருக்கி 3ஆல வகுங்க, 16. அதாவது அந்த ஸ்டெப்னி ஹிட்ச்ல இருந்து 16 கிலோவத் தூக்கிருது, ஆக்ஸில் மேல 24க்குப் பதிலா 40 கிலோ ஏத்துது. சீசா பலகை கணக்குதான், வேற ஒண்ணுமில்ல. அப்புறம் டேங்க். 60 லிட்டர்னா 60 கிலோ, அது ஆக்ஸிலுக்கு ஒன்றரை மீட்டர் பின்னாடி இருக்குன்னு உங்க படத்துல தெரியுது, 60ஐ ஒன்றரையால பெருக்கி 3ஆல வகுத்தா 30 கிலோ. ரெண்டும் சேந்து 46 கிலோ நோஸ் வெயிட்டத் தின்னுருச்சு. 70 கிலோ இருக்க வேண்டிய இடத்துல 24 கிலோவோட ஓடிக்கிருந்தா ஆடாம என்ன செய்யும்? நீங்க டேங்க ரொப்பிட்டுக் கிளம்புன நாள்ல ஆட்டம் ஜாஸ்தியாவும், தண்ணி காலியாகித் திரும்பி வரும்போது கம்மியாவும் இருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க.

இனி சிலிண்டர் விஷயம். வீட்டுச் சிலிண்டர்ல கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போட சேத்தா கிட்டத்தட்ட 30 கிலோ வந்துரும். அத ஏ ஃபிரேம்ல வச்சா நோஸ் வெயிட் ஏறும், உண்மைதான், எடை மெஷின்ல நம்பர் சரியாக் காட்டும். ஆனா ஆட்டம் முழுசா நிக்காது, ஒரு தடவ ஆரம்பிச்சா நிறுத்துறது இன்னும் கஷ்டமாயிரும். தோள்ல ஒரு நீளக் கம்பு வச்சு ரெண்டு முனையிலயும் தண்ணிக் குடம் கட்டிக்கிட்டு சடார்னு திரும்பிப் பாருங்க, திரும்புறதும் மெதுவா இருக்கும், திரும்ப ஆரம்பிச்சது நிக்கவும் செய்யாது, ஆளையே இழுத்துக்கிட்டுப் போகும். அதே ரெண்டு குடத்தையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டா ஒண்ணும் செய்யாது. எடை அதே எடைதான், இருக்குற இடம்தான் வேற. இதுல தூரம் ரெண்டு மடங்கானா பாதிப்பு நாலு மடங்கு, அதுதான் கணக்கு. 2 மீட்டர் தூரத்துல தொங்குற உங்க ஸ்டெப்னிய அரை மீட்டர் தூரத்துக்குக் கொண்டு வந்தீங்கன்னா, கேரவன் வாலாட்டுறதுல அதோட பாதிப்பு பதினாறுல ஒரு பங்காக் குறைஞ்சிரும். நான் பட்டறையில டிரெய்லர் ஆக்ஸில் வேலை பாக்க ஆரம்பிச்ச காலத்துல இருந்து இதத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிருக்கேன், முன்னையும் பின்னையும் பாரத்தப் போட்டுத் தராசு மாதிரி சரிபண்ணாதீங்க, நடுவுல கொண்டு வாங்க, தாழ வைங்க.

அப்ப ஸ்டெப்னி எங்க? மொத சாய்ஸ் தரைக்கு அடியில, ஆக்ஸிலுக்கு அரை மீட்டர் முன்னாடி, சேசிஸ்ல ஒரு தொட்டில் மாதிரி கேரியர் வெல்டிங் இல்லாம போல்ட் போட்டு. அங்க அது ஹிட்ச்சுக்கு 4 கிலோ பாரத்தக் குடுக்கும், முன்ன 16 கிலோ எடுத்துக்கிருந்தது இப்ப 4 குடுக்குது, ஆக 20 கிலோ வித்தியாசம். ஆனா ஒண்ணு, டயர் அகலம் 18, 19 சென்டிமீட்டர் இருக்கும், அம்புட்டும் சேசிஸுக்குக் கீழ தொங்கும், நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர் எப்படின்னு உங்களுக்கே தெரியும், தட்டுச்சுன்னா கேரியரோட பிச்சுக்கிட்டுப் போயிரும். மழை சேறெல்லாம் அதுமேலதான் அடிக்கும், போல்ட் துருப்பிடிச்சு இறுகிரும், அதனால ஆறு மாசத்துக்கு ஒருக்கா கழட்டிக் கிரீஸ் வச்சு மாட்டணும்.

இதுல பல பேரு யோசிக்காத சங்கதி ஒண்ணு இருக்கு. பஞ்சரானா கேரவன் அந்தப் பக்கம் நாலு விரக்கடை இறங்கிரும், அப்ப தொட்டில்ல இருந்து ஸ்டெப்னிய வெளிய உருவ முடியுமா? முடியலன்னா ஜாக்கி போடணும், ஜாக்கி எங்கடான்னு பாத்தா கார் ஜாக்கி அந்த உயரத்துக்கு உள்ள நுழையாது. ரோட்டோரத்துல ராத்திரியில அம்மாவையும் பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு இதக் கண்டுபிடிக்கக் கூடாது. வீட்டு வாசல்லயே ஒரு டயர்ல காத்தப் புடுங்கி விட்டுட்டு, காரோட மாட்டுன நிலையிலயே, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடுத்து, முழுசா ஒரு தடவ மாத்திப் பாருங்க. ஜாக்கிய ஆக்ஸில்லயோ சேசிஸ்ல கனமான இடத்துலயோதான் குடுக்கணும், நாலு மூலையிலயும் இருக்குற ஊனுகால் கேரவன் ஆடாம நிக்கிறதுக்குத்தான், அத வச்சுத் தூக்குனா வளைஞ்சிரும். கேரவன் நட்டுக்குக் கார் ஸ்பேனர் சேருதான்னும் பாத்துக்கோங்க. மாத்துனப்புறம் 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு நட்ட ஒருக்கா இறுக்கணும்.

கீழ இடமில்லன்னா கேரவனுக்குள்ளயே ஆக்ஸிலுக்கு நேர் மேல தரையில படுக்க வச்சு ராட்செட் பெல்ட் போட்டுக் கட்டுங்க, சும்மா சொருகி வைக்காதீங்க, பிரேக் அடிச்சா 20 கிலோ சக்கரம் உருண்டு வந்து அலமாரிய உடைச்சிரும். கார் டிக்கியில வைக்கலாம், ஆனா அந்த எடை காரோட பின் ஆக்ஸில்ல ஏறுது, ஹிட்ச் பாரமும் அங்கதான் இறங்குது, கார் பின்னாடி உக்காந்துருச்சுன்னா முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் போயிரும், ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். கூரை மேல மட்டும் வேணவே வேணாம்.

ஸ்டெப்னின்னு நாம சொல்ற பேரே வேல்ஸ் நாட்டுல லானெல்லிங்கிற ஊர்ல ஸ்டெப்னி தெருவுல இருந்து வந்தது, 1904ல அங்கதான் மோட்டாருக்கு மாத்துச் சக்கரம்னு ஒண்ணச் செஞ்சு வித்தாங்க, அதுக்கு முன்ன கார்ல அது கிடையாது. நூறு வருசத்துக்கு மேலாச்சு, இன்னும் அதை எங்க வைக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்.

கார் ஸ்டெப்னிதான் இருக்கே, கேரவனுக்குத் தனியா எதுக்குன்னு சிலர் கேக்குறாங்க. நட்டு ஓட்டை அளவும் சைஸும் ஒண்ணா இருந்து, டயர் தாங்குற எடையும் போதும்னாதான் அது நடக்கும். உங்களுக்கு ஒரு சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட 500 கிலோ, டயர் சைடுல சைஸுக்குப் பின்னாடி ஒரு நம்பர் இருக்கும், 84ன்னா 500 கிலோ, 88ன்னா 560, 91ன்னா 615. உங்களுக்கு 88க்குக் கீழ வேணாம். அதே சைடுல நாலு இலக்கமா தயாரிச்ச தேதி இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம். கேரவன் டயர் ஓடித் தேயாது, மதுர வெயில்ல நின்னு நின்னே வெடிப்பு விடும், பட்டன் நல்லாருக்கேன்னு நம்பாதீங்க, ஆறு வருசம் ஆச்சுன்னா ஸ்டெப்னியோட சேத்து மாத்திருங்க.

இப்ப வேலைய வரிசையாச் செய்ங்க. மொதல்ல டேங்கக் காலி பண்ணுங்க, தண்ணிய வீட்டுலயே ரொப்பிட்டுப் போகணும்னு அவசியமில்ல, கேரவன நிறுத்தித் தங்குற இடத்துக்குப் போய் ரொப்பிக்கலாம், வழிக்குக் குடிக்க ரெண்டு கேன் போதும். பின்னால எப்பவாவது டேங்க ஆக்ஸிலுக்கு மேல மாத்துங்க, ரொம்பி இருந்தாலும் காலியா இருந்தாலும் ஹிட்ச் பாரம் மாறாம இருக்கும். சிலிண்டர 5 கிலோவுக்கு மாத்துங்க, நிமித்தி வச்சுக் கட்டி, ஓடும்போது வால்வ மூடிருங்க. அரிசி, பாத்திரம், மடக்குச் சேர் எல்லாம் ஆக்ஸில் பக்கத்துல தரையோட, இடது வலது சமமா. மேல் அலமாரியில துணிமணி மட்டும்.

ஸ்டெப்னி 20, டேங்க் 30, ஆக இந்த ரெண்டு வேலையிலயே ஹிட்ச் பாரம் 50 கிலோ கூடும். அதனாலதான் அளக்காம ஓட்டக் கூடாதுங்கறேன், இப்ப முன்பாரம் லிமிட்டத் தாண்டிருந்தாலும் தாண்டிருக்கும். சமதரையில நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை குடுத்து, காரோட மாட்டியிருக்கும்போது கப்ளிங் எம்புட்டு உயரத்துல இருக்கோ அந்த உயரம் வர்ற மாதிரி, ஆள் எடை பாக்குற மெஷின் மேல ஒரு கட்டைய நிறுத்தி அதுமேல கப்ளிங்க உக்கார வைங்க, ஏ ஃபிரேம்ல இருக்குற சின்ன முன்சக்கரத்த முழுசாத் தூக்கிருங்க. மெஷின் 120 கிலோவாவது தாங்குறதா இருக்கணும். மொத்த எடைக்கு லாரி எடை மேடைக்குப் போய் கேரவன மட்டும் தனியா நிறுத்தி எடுங்க, ஆனா நோஸ் வெயிட்ட அங்க அளக்காதீங்க, அது டன் கணக்கு பாக்குற மெஷின், பத்து கிலோ இப்படி அப்படி காட்டும்.

மதுரையில இருந்து ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர் சொச்சம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம்னு ரோடு நேராத்தான் போகும், மேடு பள்ளம் இல்லன்னு ஆக்சிலேட்டர அமுக்கத் தோணும். 60லயே வச்சுக்கோங்க. நீங்க போறது ஆடி மாசம், ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க, பாம்பன் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல கடல் மேல ஓடுது, காத்து பக்கவாட்டுலதான் அடிக்கும், கேரவன் சுவர் பாய் மாதிரி வாங்கும். அங்க 40க்கு மேல வேணாம், காத்து ரொம்ப ஓங்கி அடிச்சா பாலத்துக்கு இந்தப் பக்கமே ஓரங்கட்டி ஒரு மணி நேரம் நிக்கலாம், அமாவாசை ஸ்நானத்துக்கு மொத நாளே கிளம்புனீங்கன்னா அந்த அவசரமே இருக்காது.

ஆட்டம் வந்துருச்சுன்னா ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க, ஸ்டியரிங்க நேராப் பிடிங்க, அவ்வளவுதான். கேரவன் ஆடுறதுக்கு எதிரா நீங்க ஒடிச்சா அது கூடும், சடார்னு பிரேக் அடிச்சா பின்னாடி இருந்து தள்ளிக் காரையே திருப்பிரும். வேகம் குறைஞ்சா தானா அடங்கும், அடங்குனதும் ஓரமா நிறுத்தி உள்ள என்ன நகந்துருக்குன்னு பாருங்க. கேரவன் ஓடும்போது அதுக்குள்ள யாரும் உக்காரவே கூடாது, அம்மாவுக்கு முதுகு வலின்னு படுக்க வைக்கிறதா எழுதிருந்தீங்க, தயவுசெஞ்சு அது மட்டும் வேணாம் தம்பி, கார் முன்சீட்ட நல்லாச் சாய்ச்சு விடுங்க, முதுகுக்கு ஒரு தலகாணி குடுங்க, மணிக்கொரு தடவ நிறுத்தி இறக்கி நடக்க வைங்க.

ஸ்டெப்னிய மாத்திட்டு, காலி டேங்கோட ஒரு தடவ, பாதி டேங்கோட ஒரு தடவ அளந்து நோஸ் வெயிட்டையும், மேனுவல்ல போட்டிருக்குற ஹிட்ச் லிமிட்டையும் எழுதி அனுப்புங்க, நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துச் சொல்றேன்.