பீட்டில்ஸின் 'வெள்ளை ஆல்ப'த்துக்கு ரசிகர்கள் ஏன் ஆளுக்கொரு மார்க் போடுகிறார்கள்?

பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸ் 1968-இல் வெளியிட்ட அந்த இரட்டை இசைத்தட்டில் 30 பாட்டு. சண்டைக்கு அதுவே போதும். ஒரே தட்டாகச் சுருக்கலாமே என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. அதனால் இன்றும் ஆளாளுக்கு ஒரு பட்டியல் போட்டுப் பாட்டுகளை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வெட்டு 'ரெவல்யூஷன் 9'-க்குத்தான். 8 நிமிடத்துக்கு மேல் ஓடும், மெட்டே கிடையாது. 'நம்பர் நைன்' என்று ஒரு குரல் திரும்பத் திரும்ப வரும்; நடுநடுவே கூச்சல், பின்னோக்கி ஓடும் டேப். நான் அதில் கை வைக்க மாட்டேன். அந்த இரைச்சல் ஓய்ந்ததும் குழுவின் டிரம்மர் ரிங்கோ தாலாட்டு மாதிரி 'குட் நைட்' பாடுவார் பாருங்கள், அந்த நிம்மதி வேறெப்படிக் கிடைக்கும்? வேண்டுமானால் 'வைல்ட் ஹனி பை'யைத் தூக்கிவிடுங்கள். ஒரு நிமிடம்கூட இல்லை, யாரும் தேடப் போவதில்லை.