கவிஞராக இருந்த தாய்லாந்து அரசர்: பாங்காக்கில் அவர் தடத்தை எங்கே பார்க்கலாம்?

கேள்வி: குடும்பத்தோடு பாங்காக் போகிறோம். இரண்டு நாள் எங்கள் விருப்பப்படி சுற்றலாம். இரண்டாம் ராமா என்ற அரசர் ராமாயணத்தை நாட்டிய நாடகமாக எழுதியவர் என்று பரதம் படிக்கும் என் மகள் எங்கோ வாசித்திருக்கிறாள். அவர் தொடர்பான இடங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். எங்கெங்கே போகலாம்? கலையில் மூழ்கி வெளிநாட்டு விவகாரங்களில் அவர் கோட்டை விட்டார் என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே, அது சரியா?
(வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிவானால்தான் இடங்களைப் பார்க்கும் கண்ணே மாறும்.

அவர் கோட்டை விடவில்லை. 1809 முதல் 1824 வரை ஆண்டார். பட்டத்துக்கு வந்த அதே ஆண்டில் பர்மியப் படை தலாங் மீது, அதாவது இன்றைய புக்கெட் மீது, பாய்ந்தது. தலாங் விழுந்தாலும், முடிவில் அவருடைய படை பர்மியரை விரட்டியடித்தது. கிழக்கே கம்போடியாவில் வியட்நாமின் கை ஓங்கியபோது, 1813-இல் நேருக்கு நேர் மோதாமல் பின்வாங்கினார். பர்மாவை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் புதுச் சண்டை இழுக்காதது விவேகம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவரைச் சாது என்றும் எண்ணிவிடாதீர்கள். 1821-இல் தெற்கு நகரமான நக்கோன் சி தம்மராத்திலிருந்து போன சயாமியப் படை (தாய்லாந்தின் அன்றைய பெயர் சயாம்) கெடா என்ற மலாய் நாட்டைப் பிடித்தது. அதன் சுல்தான் பினாங்குக்கு ஓடினார், மக்களும் பெருந்திரளாக அகதிகளாகப் போனார்கள். கவிதை எழுதிய கைதான், ஆனாலும் அந்தத் துயரத்தின் பொறுப்பு அந்த ஆட்சிக்கு உண்டு.

ஐரோப்பியர் விஷயத்தில் அவர் கதவை முழுதாகத் திறக்கவும் இல்லை, அடைக்கவும் இல்லை. 1820-இல் போர்த்துகீசியருக்கு சாவோ பிராயா ஆற்றங்கரையில் நிலம் கொடுத்துத் தூதரகம் வைக்க அனுமதித்தார். பர்மாவை எதிர்கொள்ளத் துப்பாக்கி வேண்டும், அது சீனக் கரையில் போர்த்துகீசியர் வைத்திருந்த மக்காவ் வழியாக வரும் என்ற கணக்கு அதில் இருந்தது. 1822-இல் கல்கத்தாவிலிருந்து ஆங்கிலேயத் தூதராக ஜான் கிராஃபோர்ட் வந்தார். வணிகத் தடைகளை எடுக்க வேண்டும், கெடா சுல்தானைத் திரும்ப உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டார். சயாம் தரப்பு துப்பாக்கிக்கு உறுதி கேட்டது, அதை அவர் தரவில்லை. அரண்மனைக் களஞ்சியமே முதலில் வாங்கி, முதலில் விற்கும் முறையில்தான் கஜானா நிறைந்துகொண்டிருந்தது. அதை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? கிராஃபோர்ட் ஏறக்குறைய வெறுங்கையோடு திரும்பினார். ஒப்பந்தம் 1826-இல், மகன் மூன்றாம் ராமா காலத்தில்தான் கையெழுத்தானது.

சரி, இனி இடங்கள். ஒரு முன்குறிப்பு: அவர் வாழ்ந்தபோது அவரை 'இரண்டாம் ராமா' என்று யாரும் அழைக்கவில்லை. அந்த எண் வரிசை சுமார் நூறு ஆண்டு கழித்து ஆறாம் ராமா கொண்டுவந்தது. பலகைகளில் 'புத்த லேட்லா நபாலை' என்ற பெயரைத் தேடுங்கள். அங்கே போனதும் கையில் வரும் புதிய 20 பாட் நோட்டைத் திருப்பினால், தந்தை முதலாம் ராமாவோடு இவர் முகமும் இருக்கும். நோட்டு கீழே விழுந்தால் காலால் மட்டும் அழுத்திவிடாதீர்கள். அரசர் முகத்தை மிதிப்பது அங்கே பெரிய அவமரியாதை.

முதல் நாள் காலையில் தா தியான் படகுத்துறையிலிருந்து அக்கரைக்குப் போய் வாட் அருண் கோயிலைப் பாருங்கள். எல்லோரும் கோபுரத்தின் கீழ் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் பக்கத்திலுள்ள உபோசத மண்டபத்துக்குள், அதாவது பிக்குகள் சடங்கு செய்யும் மண்டபத்துக்குள், போங்கள். அங்கே இருக்கும் புத்தரின் முகத்தை வடித்தவர் இந்த அரசரே என்பது மரபு. அவருடைய அஸ்தியும் அதே பீடத்தில்தான் இருக்கிறது. கோபுரத்தை உயர்த்தும் வேலையைத் தொடங்கியவரும் அவர்தான், முடித்தது மகன். அதில் பதித்த பீங்கான் துண்டுகள் சீனாவோடு நடந்த கப்பல் வணிகத்தை நினைவூட்டும்.

அடுத்தது வாட் சுதாத். இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். விகாரையின் பெரிய மரக்கதவுகளைச் செதுக்கத் தொடங்கியவர் அரசர். கொடியும் இலையும் பறவையும் விலங்கும் அடுக்கடுக்காக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருப்பதுபோல ஆழமாகக் குடைந்த வேலை. 1959-இல் தீ விபத்தில் ஒரு கதவு சேதமானது. அது இப்போது தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயில் வளாகத்துப் போதிமரத்துக்கும் ஒரு கதை உண்டு. 1814-இல் அவர் இலங்கைக்கு அனுப்பிய பிக்குகள் 1818-இல் அனுராதபுரத்து மகாபோதியின் கன்றுகளோடு திரும்பினார்கள். அவற்றில் ஒன்று இங்கே நடப்பட்டது. அதற்குச் சுமார் அறுபது ஆண்டு முன்பு சயாமிலிருந்து இலங்கைக்குப் போன பிக்குகளால்தான் அங்கே துறவுத் தீட்சை மீண்டது. அந்த உறவை இவர் மறுபடி உயிர்ப்பித்தார் என்று சொல்லலாம்.

கோயிலுக்கு எதிரே நிற்கும் சிவப்பு மரச் சட்டம் பெரிய ஊஞ்சல். அதன் அருகில் உள்ள பிராமணர் கோயிலில் மார்கழித் திருவிழாவில் திருவெம்பாவை ஓதும் மரபு உண்டு. உச்சரிப்பு மாறியிருந்தாலும் பாட்டு நம்முடையதுதான். மகளிடம் சொல்லுங்கள், மகிழ்வாள்.

தேசிய அருங்காட்சியகம் திங்கள், செவ்வாய் விடுமுறை. கதவைப் பார்த்துவிட்டு, அரசர் செதுக்கியதாகச் சொல்லப்படும் பொம்மலாட்ட முகங்களையும் கேட்டுப் பாருங்கள். தாய் ராமாயணமான ராமகியனை அவர் ஆட்டத்துக்கு ஏற்ப எழுதினார் என்றாலும் அவருடைய உச்சப் படைப்பு 'இனாவ்' என்பார்கள். ஜாவா இளவரசன் பஞ்சியின் கதை அது. சுந்தோன் பூ என்ற பெரும் கவிஞரும் அவர் அவையில் இருந்தார்.

இரண்டாம் நாள் அம்பாவா. பாங்காக்கிலிருந்து சாலை வழியே சுமார் ஒன்றரை மணி நேரம். 'ராமா 2' என்ற நெடுஞ்சாலையிலேயே போவீர்கள். அவர் பிறந்த ஊர் அது. தாய் பாணி மர வீடுகளில் அருங்காட்சியகமும் தோட்டமும் இருக்கின்றன. மிதக்கும் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரைதான் களைகட்டும். எனவே அந்த நாளை அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே தென்னந்தோப்புகளைக் கடக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அரசர் வாசித்த மூன்று தந்தி வில் வாத்தியம் 'சோ சாம் சாய்' எனப்படும். அதன் உடலுக்கு மூன்று புடைப்புள்ள அரிய கொட்டாங்குச்சி வேண்டும். அப்படிக் காய் தரும் மரம் வைத்திருந்த தோட்டக்காரர்களுக்கு அவர் வரிவிலக்கு கொடுத்தாராம். அப்புறம் இன்னொன்று: போர்த்துகீசியத் தூதரகம் அவர் கொடுத்த நிலத்திலேயே இன்னும் இருக்கிறது. உள்ளே போக முடியாது. முதல் நாள் மாலை ஆற்றுப் படகில் சி பிராயா துறைப் பக்கம் வந்தால் கரையில் தெரியும்.